இரண்டாவது டேக் இல்லாத மேடை

மைதிலி மெல்பேர்னிலிருந்து அழைத்தபோது நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் இங்கே சிட்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னோடு இரண்டு நாடகங்களில் வேலை பழகிவிட்டு, இப்போது அங்கே ஒரு குழுவில் மேடை முகாமையாளராக இருக்கிறாள்.

"அன்ரி, பிஸியே?"

"எண்ணெய் கொதிக்குது. கெதியாச் சொல்லு."

"எங்கட புது ஷோவில லைட், சவுண்ட் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே நேரம் பாத்து ஓட்டப் போகுதாம். கியூ சொல்ல ஆள் எதுக்கு எண்டு கேக்கினம். அதுக்குள்ள ஒருத்தர் உங்கட கதையை எடுத்துவிட்டார். பீலிக்ஸ் நடிச்ச நாடகத்தை நீங்கள் லைவா ரிவைண்ட் பண்ணினனீங்களாம். இஸ் இட் ட்ரூ?"

"ட்ரூதான். ஆனா நீங்கள் எல்லாரும் பாதிக் கதையை வைச்சுக்கொண்டு துள்ளுறியள்."

மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய் ஆறிவிட்டது. "ஐயோ அன்ரி, இதை எழுதுங்கோவன்!" என்று அவள் கத்தினாள். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகாதவளுக்கு வேறென்ன வேலை? இதோ எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடவேண்டும். எங்கள் சனத்துக்கு அது ஒருநாளும் விளங்கியதில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யாராவது, "பிள்ளை எங்க வேலை?" என்பார்கள். "தியேட்டரில" என்பேன். "ஓ, ஒப்பரேஷன் தியேட்டர் நேர்ஸோ! நல்லது, நல்லது." நான் சும்மா இருக்கமாட்டேன். "இல்லை அன்ரி, நாடகத் தியேட்டர்." முகம் அப்படியே விழுந்துவிடும். "நடிக்கிறனீரோ?" "இல்லை." "அப்ப பாட்டோ?" "இல்லை." "பின்னை என்னதான் செய்யிறனீர்?" "இருட்டுக்குள்ள இருந்து கோ, கோ எண்டு சொல்லுறனான்." இந்த இடம் வந்ததும் என் மனுசன் சிவராசா கற்பூரம் வாங்குகிற சாட்டில் மெல்ல நழுவிவிடுவார்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். யாழ்ப்பாணத்தில் சண்டைக்குத் தப்பி வந்து, இங்கே கணக்குப் படித்து, துறைமுகப் பக்கத்தில் ஒரு நாடக அரங்கின் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்தேன். ஒருநாள் மேடைக்குப் பின்னால் ஆள் குறைந்துவிட்டது, கொஞ்சம் வந்து பிடி என்று கூப்பிட்டார்கள். போனவள்தான், கவுண்டருக்குத் திரும்பவே இல்லை. தேநீர் ஊற்றினேன், தரை கூட்டினேன், நடிகர்களின் தொலைந்த சப்பாத்தைத் தேடினேன். கூட்டித் துடைத்த கதையை நீட்டி எழுதினால் நானே வாசிக்கமாட்டேன், அதனால் நேரே என் மூலைக்கு வருகிறேன்.

மேடையின் ஓரத்தில், பார்வையாளர் கண்ணில் படாத இருட்டில் ஒரு மேசை. அதுதான் என் மூலை. முன்னால் நாடகப் பிரதி, காதில் ஹெட்செட். நாடகத்தில் எந்த விளக்கும் தன்பாட்டில் மாறுவதில்லை. எந்த வசனத்துக்கு எந்த விளக்கு, எங்கே மழைச்சத்தம் என்று பிரதியின் ஓரத்தில் நான் குறித்திருப்பேன். அந்த மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு கியூ. அந்த இடம் நெருங்கும்போது "ஸ்டான்ட்பை" என்பேன். அரங்கின் பின்புறக் கண்ணாடி அறையில் இருப்பவர் பொத்தானில் விரலை வைப்பார். உரிய சொல்லை நடிகர் சொன்னதும் "கோ" என்பேன், விரல் அமுங்கும். நடிகருக்கு என் குரல் கேட்காது. அதனால் அவர் நுழைகிற கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வைத்திருப்போம். சிவப்பு எரிந்தால் ஆயத்தமாகு, பச்சை எரிந்தால் உள்ளே வா.

ஹெட்செட்டில் "கோ" என்ற சொல்லைக் கியூ கொடுப்பவரைத் தவிர வேறு யாரும் உச்சரிக்கக்கூடாது. கண்டிப்பான சட்டம். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு பையன் தனக்கு டொய்லெட் போகவேண்டும் என்று ஹெட்செட்டில் ஆங்கிலத்தில் புலம்பினான். மேலே பரணில் நின்றவன் அந்தப் புலம்பலில் "கோ" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பொத்தானை அமுக்கிவிட்டான். கொளுத்தும் கோடைக்காலக் காட்சி. நீச்சலுடையில் படுத்திருந்த கதாநாயகியின் மேல் பொலபொலவென்று பனி கொட்டியது!

பக்கத்தில் நின்ற மார்கரெட், "எவ்வளவு அழகான பனி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பையன் அதற்குப் பிறகு காட்சி முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.

மார்கரெட் எங்கள் தலைமை மேடை முகாமையாளர். ஒட்ட வெட்டிய நரைத்த தலை, எப்போதும் கறுப்பு உடுப்பு, சத்தமே போடாத சப்பாத்து. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். "தயவுசெய்து" என்றால் கவனமாக இருக்கவேண்டும். "உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்" என்றால் ஓடி ஒளிய இடம் பார்க்கவேண்டும். என்னை எல்லோரும் ரன் என்று சுருக்கினார்கள், அவரும் அப்படித்தான். நான் பிழை விட்டால் மட்டும் "ரஞ்சினி" என்று முழுப்பெயரும் வரும், அதுவும் எங்கள் அம்மாவே தோற்றுப்போகிற உச்சரிப்பில். அவருடைய சட்டம் இது: "ஓடுகிற காட்சியை நிறுத்த மூன்று பேருக்குத்தான் உரிமை. நெருப்பு, இரத்தம், நான்."

பீலிக்ஸ் வந்தது நான் நன்றாக வேரூன்றிய பிறகு, சில வருடங்களுக்கு முன்னால். இங்கிலாந்துப் பிள்ளை. சிறுவயதில் ஒரு படத்தில் தம்பியாக நடித்து உலகத்துக்கே தம்பியாகிவிட்டவன். அதன் பிறகு படம், படம், படம்தான். மெல்பேர்னில் ஒரு படப்பிடிப்பை முடித்த கையோடு, எங்கள் நாடகத்தில் நடிக்கிறேன் என்று தானே கேட்டு வந்தான். இருபத்துநாலு வயது. அவ்வளவு பெரிய பெயரோடு வந்து, தரை கூட்டுகிறவர் வரை எல்லோருடைய பெயரையும் கேட்டுப் பாடமாக்கினான்.

அவனைப் பார்க்க வாசலில் இளம் பெட்டைகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். என் மகள், பிறந்ததிலிருந்து என் வேலை என்னவென்று கேட்டே அறியாதவள், "அம்மா, உங்களுக்கு லன்ச் கொண்டுவந்து தரட்டோ?" என்றாள். "ஏனம்மா இந்தத் திடீர்ப் பாசம்?" என்றேன். வந்தாள், பார்த்தாள், வாயே திறக்காமல் திரும்பிப் போனாள். கொண்டுவந்த ரோல்ஸ்களில் பாதியைப் பீலிக்ஸ் சாப்பிட்டுவிட்டான்.

அன்றைக்கு உறைப்பில் கண் கலங்கியபடியே அவன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "படத்தில் ஒரு காட்சியை எத்தனை தரமும் எடுப்பார்கள் ரன். பிறகு வேறு யாரோ ஓர் அறையில் இருந்து நல்லதை வெட்டி ஒட்டுவார்கள். தொடங்கிய ஒன்றை நானே முடித்தது கிடையாது. என்னால் முடியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

பார்க்க வந்தவனுக்குத் தப்பிக்கவும் வழி இருந்தது. முன்னோட்டக் காட்சிகளிலோ தொடக்க நாளிலோ சரிவராவிட்டால் அவன் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. லண்டனில் அவனுடைய முகவர் ஒரு பெரிய படத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாற்று நடிகர் ஒருவர் வசனம் முழுக்கப் பாடம் பண்ணி ஆயத்தமாக இருந்தார். பீலிக்ஸ் இந்த மேடையிலிருந்து ஓடினால் இனி எந்த மேடைக்கும் வரமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒத்திகையில் இரண்டு குறை. ஒன்று, குரல். நாடகத்தை இயக்கிய நெறியாளர் ரொபர்ட் நாள் முழுக்க, "மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை!" என்று கத்திக்கொண்டிருப்பார். மற்றது எங்களுக்குக் குறையாகவே படவில்லை. வசனம் பிசகினால், "இன்னொருக்கா எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, அசைந்த கதிரையைத் தானே பழைய இடத்தில் வைத்து, தொடங்கிய இடத்துக்குப் போய் நிற்பான். நல்ல ஒழுக்கமான பிள்ளை என்று நாங்கள் மெச்சினோம். மார்கரெட் மட்டும், "கதிரையைத் திருப்பி வைக்கிறான், கவனித்தாயா?" என்றார்.

முன்னோட்டக் காட்சி என்பது விமர்சகர்களை அழைக்காமல், சனத்துக்கு டிக்கெட் விற்று நடத்துவது. பிழைகளைத் திருத்த அதுதான் வாய்ப்பு. முதல் முன்னோட்டத்தில் அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் பாதி பறந்தது! இரண்டாம் பாதியில் அந்தக் காட்சி வந்தது.

அப்பா இறந்துவிட்டார். மகன் மழையில் நனைந்து வீட்டுக்குள் வருகிறான். உள்ளே அப்பா உட்காருகிற கதிரை மட்டும்தான். அந்த வெறுங்கதிரையைப் பார்த்து நீளமாகப் பேசுகிறான், பழத்தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று. பேச்சு முடிகிற தறுவாயில் மழை விட்டு, யன்னலால் மாலை வெயில் வந்து கதிரையில் விழும். "நான் விற்கப்போகிறேன், அப்பா" என்பான். வெளியே டிரக் ஒன்று வந்து நிற்கும், தோட்டத்தை வாங்கப்போகிற அயல்வீட்டுக்காரர் உள்ளே வருவார்.

பீலிக்ஸ் வந்தான், பேசினான், நடுவழியில் நின்றுவிட்டான். வசனம் மறந்துவிட்டது. இது எந்த நடிகருக்கும் நடக்கும். நான் மூலையிலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கையை உயர்த்தினான்.

"மன்னிக்கவேண்டும். இன்னொருக்கா எடுப்போம்."

அத்தனை நாளாக மூன்றாவது வரிசைக்குக் கேட்காத குரல், சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது! சொன்னவன் கதிரையைப் பழைய இடத்தில் வைத்தான். கதவைத் திறந்து வெளியே போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

வெறும் மேடை. பாவம், அவன் அறிந்து செய்யவில்லை. சிறு வயதிலிருந்து கமராவுக்கு முன்னால் பழகிய உடம்பு அது, தன்பாட்டில் போய்த் தொடக்க இடத்தில் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் அவன் முகத்தை நான் பார்த்தேன். தான் என்ன செய்துவிட்டான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுண்ணாம்பாக வெளுத்துப்போனான்.

ஹெட்செட்டில் கார்த்திக்கின் குரல் வந்தது. விளக்கு இயக்குகிறவன், கோயம்புத்தூர்ப் பொடியன். ஐ.டி. வேலைக்கு விசா எடுத்து வந்து நார்த்மீட்டில் வீடும் வாங்கியவன். தமிழ்ச் சங்க நாடகம் ஒன்றுக்கு விளக்குப் போடப் போய் அந்தப் பைத்தியம் பிடித்து எங்களிடம் வந்து சேர்ந்தான். ஹெட்செட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்பது மார்கரெட்டின் இன்னொரு சட்டம். அந்தச் சட்டம் அந்த நிமிடத்தில் காற்றில் பறந்தது.

"அக்கா... அக்கா, இப்ப என்ன பண்றது?"

ஒழுங்கின்படி திரையை இறக்கவேண்டும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவள் நான். அந்தத் திரை இறங்கினால் அவன் அதற்குப் பின்னாலிருந்து இனி வெளியே வரமாட்டான்.

"பின்னுக்குப் போ, கார்த்திக்."

"எங்கக்கா?"

"மழைக்கு. அவன் உள்ள வாற இடத்துக்கு."

"லைவ் ஷோவையா? என்னக்கா விளையாடறீங்களா?"

"விளையாட்டில்லையடா தம்பி, போ பின்னுக்கு!"

"ஆமா ஆமா, போயிட்டேன், போயிட்டேன்!"

சவுண்ட் போடுகிற பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அழுவாரைப்போல் ஆகிவிட்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மேடையில் வெளிச்சம் பின்னோக்கி மங்கியது. மழை திரும்பவும் பெய்யத் தொடங்கியது. கதவுக்குப் பின்னால் சிவப்பு விளக்கைப் போட்டேன். பீலிக்ஸ் அதை வெறித்துப் பார்த்தான். பச்சை. கதவு திறந்தது.

அப்பப்பா, எப்படி நடித்தான்! அதே வசனம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் அன்றைக்குத்தான் பிறந்தது போலிருந்தது. கதையில் வருகிற மகன்தான் அப்பாவிடம் பேசப்போவதை ஒருதரம் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறான் என்று சனம் எடுத்துக்கொண்டது போலும். முடிந்ததும் கைதட்டலில் என் மேசை அதிர்ந்தது. ரொபர்ட் பின்னால் ஓடிவந்து குதித்தார். "இதை ஒவ்வொரு நாளும் வைப்போம்! மேதைத்தனம்!"

மார்கரெட் குதிக்கவில்லை. "ரஞ்சினி, உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால் ஒரு நிமிடம்."

போச்சுடா என்று போனேன்.

"அது என்ன மொழி?"

"தமிழ்."

"வேகமான மொழி. எனக்குப் பிடித்திருக்கிறது." பிறகு, "திரையை இறக்காமல் விட்டதற்குக் காரணம் கேட்கமாட்டேன். நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். ஆனால் நாளைக்கு அந்த இடம் வரும்போது அவன் வசனத்தை நினைக்கமாட்டான், கதவைத்தான் நினைப்பான். இதைச் சொல்லவேண்டியிருப்பதற்கு மன்னிக்கவும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. காட்சியைக் காப்பாற்றியவளுக்கு இதுவா பரிசு? வீடு திரும்புகிற ரெயிலில் வென்ட்வேர்த்வில் வரும்வரை மனதுக்குள் மார்கரெட்டோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். அடுத்த முன்னோட்டத்திலேயே வாயை மூடிக்கொண்டேன்.

பீலிக்ஸ் நிறுத்தவில்லை. வசனம் ஒன்றும் விடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு தொடங்கியதும் கண் என் பக்கம் வரும். நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு ஒரு வரி, பிறகு ஒரு பார்வை, பிறகு ஒரு வரி. உயிரில்லாத பேச்சு. ரொபர்ட் அவன் தோளில் தட்டி, "பயப்படாதே, பிசகினால் ரன் உன்னைப் பின்னுக்குக் கொண்டுபோவாள்" என்பார். அதைச் சொல்லச் சொல்ல அவன் சுருங்கிக்கொண்டே போனான். லண்டன் முகவர் தொடக்க நாளுக்காக விமானம் ஏறி வந்துவிட்டார். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று பின்மேடையில் பேச்சு அடிபட்டது.

தொடக்க நாள் மதியம். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பீலிக்ஸ் வந்து நின்றான்.

"ரன், ஒன்று கேட்கலாமா? இன்று நான் நின்றுவிட்டால் என்னைப் பின்னுக்குக் கொண்டுபோகவேண்டாம்."

"நிற்கமாட்டாய்."

"நின்றால்? நின்று உங்களைப் பார்த்தால்? நான் பார்ப்பேன், எனக்குத் தெரியும். கெஞ்சுவேன். அப்போதும் வேண்டாம்."

"அரங்கு முழுக்க விமர்சகர்கள் பீலிக்ஸ். சொல்லை எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். நான் நிற்கிறதை அவர்கள் பார்க்கட்டும். ஆனால் நான்தான் முடிக்கவேண்டும். சொல்லுங்கள், ஓம்?"

நான் கார்த்திக்கோடு பேசுவதைக் கேட்டு, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற அந்த ஒரு சொல்லை அவன் பொறுக்கியிருந்தான்.

"ஓம்," என்றேன்.

மார்கரெட்டிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவனால் முடியும் என்று நினைக்கிறேன். உன்னால் முடியுமா?" என்றார். கார்த்திக்கிடம் சொன்னேன். "அக்கா, ரிஸ்க்குக்கா. ரொம்ப ரிஸ்க். சரி, நீங்க சொன்னா சரி" என்றான்.

அன்றைக்கு அரங்கில் வாசனைத் திரவியமும் புதுச் சப்பாத்துச் சத்தமுமாக ஒரே பரபரப்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலுக்காகத்தானே இத்தனை வருடம் இருட்டில் இருந்தேன்! முதல் பாதியில் பீலிக்ஸ் சனத்தைச் சிரிக்கவைத்தான், கதிரையின் நுனிக்கு இழுத்தான். இரண்டாம் பாதி தொடங்கியதும் ரொபர்ட் என் மூலைக்கே வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நெறியாளர் அங்கே நிற்கக்கூடாது. யார் கேட்கிறார்கள்?

மழை. பச்சை விளக்கு. பீலிக்ஸ் உள்ளே வந்தான், பேசத் தொடங்கினான். என் பக்கம் ஒருதரமும் பார்க்கவில்லை. நன்றாகப் போகிறது, முருகா, நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போதே, அதே இடம்.

நின்றுவிட்டான்.

மழைச்சத்தம் மட்டும். அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான்.

"ரன், பின்னுக்குக் கொண்டுபோ!" ரொபர்ட் என் காதுக்குள் சீறினார். ஹெட்செட்டில் சவுண்ட்காரப் பெண், "பின்னுக்கா? பின்னுக்கா?" என்றாள். "அக்கா, ரெடியா இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கார்த்திக். நான் தலையைக் குனிந்து பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் கண்ணுக்குள் நீந்தியது. ரொபர்ட்டின் கை என் ஹெட்செட்டுக்கு நீண்டது.

"ரொபர்ட்," மார்கரெட்டின் குரல். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று தெரியாது. "உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால், உங்கள் மேதைமைக்கு எங்கள் எல்லோருடைய நன்றியோடும், இந்த மூலையிலிருந்து தயவுசெய்து வெளியே போய்விடுங்கள்." இரண்டு மரியாதையும் ஒரே வசனத்தில்! அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கேட்டதில்லை. ரொபர்ட் போய்விட்டார்.

மேடையில் பீலிக்ஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பின்னுக்குப் போகமாட்டேன் என்று சொல்லியாயிற்று. ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. அடுத்த கியூ, யன்னலால் வருகிற மாலை வெயில். பேச்சின் கடைசியில், அதற்குரிய சொல்லை அவன் சொன்ன பிறகு வரவேண்டியது. நடிகர் சொல்லைச் சொல்லுமுன் கியூ கொடுப்பது எங்கள் தொழிலில் முதல் நாளே அடித்துத் திருத்துகிற பிழை.

"கார்த்திக், முன்னுக்கு."

"முன்னாடியா? அவன் இன்னும் டயலாக்கே சொல்லலியேக்கா!"

"வெயிலைப் போடு. ஸ்டான்ட்பை." மூச்சை இழுத்தேன். "கோ."

மழை நின்றது. வெயில் மெல்ல வந்து வெறுங்கதிரையில் விழுந்தது. பின்னுக்குப் போக இனி இடமில்லை. மேடையிலே ஒரு சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பீலிக்ஸ் கதிரையை நோக்கி நடந்தான். பழைய இடத்தில் தூக்கி வைத்ததைத் தவிர, ஒத்திகையில் அவன் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அதன் சாய்மானத்தைத் தடவினான். பிறகு அதில் உட்கார்ந்தான், அப்பாவின் கதிரையில், அந்த வெயிலுக்குள். உட்கார்ந்து மேடையைச் சுற்றி ஒருதரம் பார்த்தான், தன் வீட்டை முதல்தரம் பார்க்கிற மாதிரி.

"நான் விற்கப்போகிறேன், அப்பா."

குரல் பெரிதாக இல்லை. கடைசி வரிசையில் யாரோ விசும்பியது என் மூலைக்குக் கேட்டது. பாதிப் பேச்சைக் காணோம், ஆனால் அது காணாமல்போனது ஒரு சீவனுக்கும் தெரியாது!

எனக்கு அழக்கூட நேரமில்லை. பாதிப் பேச்சு போனால் மிச்சம் எல்லாம் முந்திக்கொண்டு வருமே. "டிரக் சத்தம், ஸ்டான்ட்பை, கோ!" அயல்வீட்டுக்காரராக நடிப்பவர் திரைக்குப் பின்னால் அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்ததும் துள்ளி எழும்பி, ஒற்றைச் சப்பாத்தோடு உள்ளே ஓடினார். "சேறு," என்றார், சப்பாத்து இல்லாத காலைக் காட்டி, "மற்றது உன் வாசலில் புதைந்துவிட்டது." பீலிக்ஸ் சிரித்தான், கண்ணீரும் சிரிப்புமாக. சனமும் அப்படியே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு நாடகத்தை முடித்தோம். கார்த்திக் ஒவ்வொரு கியூவுக்கும், "சூப்பர்க்கா! சூப்பர்க்கா!" என்று கத்த, சவுண்ட்காரப் பெண்ணும் அது ஏதோ தொழில் சொல் என்று நினைத்து, "சூப்பர்க்கா!" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

திரை விழுந்தது, எழுந்தது, விழுந்தது. சனம் எழும்பி நின்று தட்டியது. லண்டன் முகவர் வந்த கையோடு தனியாகத் திரும்பிப் போனார். பீலிக்ஸ் கடைசிக் காட்சி வரைக்கும் எங்களோடு இருந்தான், அந்தப் பேச்சை ஒவ்வொரு நாளும் கதிரையில் இருந்தே முடித்தான். இப்போது லண்டனில் மேடைதான் அவனுக்கு வீடு. இடையிடையே படம் நடிக்கிறான்.

மைதிலி, உன் கம்ப்யூட்டருக்கு வசனம் வந்ததா இல்லையா என்று தெரியாது, குறித்த நேரத்துக்கு வெயிலைப் போட்டுவிடும். அது என்னைவிடச் சரியாகத்தான் போடும். ஆனால் அன்று திரை கடைசித்தரம் விழுந்த பிறகு நடந்ததை உன் ஆட்களுக்குச் சொல்லு.

பீலிக்ஸ் நேரே என் மூலைக்கு வந்தான். முழுக்க வியர்வை. நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நான் உங்களைப் பார்த்தேன்," என்றான். "அவ்வளவு நேரம் பார்த்தேன். நீங்கள் ஒருதரமும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை."

"பார்த்திருந்தால் உன்னைப் பின்னுக்குக் கூப்பிட்டிருப்பேன்," என்றேன்.